இருபது நிமிஷ வேலை

ஆமா அண்ணாச்சி, அமெரிக்காதான். பெட்டியில ஒட்டியிருக்க சீட்டைப் பாத்துக் கேட்டீங்களாக்கும். பதினோரு வருஷம் ஆச்சு. புளியங்குடியில மாமியார் வீட்டுக்கு வந்துட்டுப் போறேன். மதுரையில இறங்கி ஏர்போர்ட் போகணும். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க, எனக்கு இவ்வளவு இடம் போதும்.

உங்க மகளுக்கு முடிவாயிருக்கா? மாப்பிள்ளை அங்கயா? சந்தோஷம். அப்ப ஒண்ணு சொல்லுதேன், மகட்ட மறக்காம சொல்லிருங்க. விசா கிடைச்சிருச்சுன்னு நிம்மதியா இருக்கக் கூடாது. விசா வாசல் வரைக்கும்தான். அங்க போய் இறங்குனதும் ஒரு கவுண்ட்டர் இருக்கும். அதுல உக்காந்திருக்க ஆபீசர் கம்ப்யூட்டர்ல ஒரு தேதி தட்டுவாரு. இந்தத் தேதி வரைக்கும் நீ உள்ள இருக்கலாம்னு. அந்தப் பதிவுதான் எல்லாம். வீட்டுக்குப் போனதும் வெப்சைட்ல அதை எடுத்து, எழுத்து எழுத்தாப் பாக்கணும். மாப்பிள்ளையோடதைப் பாத்தாப் போதாது. மகளோடதையும் தனியாப் பாக்கணும்.

நான் பாப்பேன். எப்பவும் பாப்பேன். எங்க அப்பார்ட்மென்ட்ல நம்ம ஆளுக பதினாலு குடும்பம். யாருக்கு விசா சந்தேகம்னாலும் 'தவசிலிங்கத்துட்ட கேளு'ம்பாங்க. எல்லாத்துக்கும் ஃபைல் வச்சிருக்கேன். நான் முதல்முதல்ல போன டிக்கெட்டைக் கேட்டாலும் எடுத்துக் குடுத்துருவேன். அப்படிப்பட்டவன் வீட்டுலதான் இது நடந்துச்சு.

போன வருஷம் தைக்கு என் மச்சினன் கல்யாணம். நானும் கோமதியும் வந்திருந்தோம். கோமதி என் வீட்டுக்காரி. மூணு வாரம் இருந்துட்டுத் திரும்பினோம். கவுண்ட்டர்ல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நின்னோம். ஒரே ஆபீசர். என் வேலை விசா, அதோட சேந்துதான் அவளுக்கும். என் காகிதத்துல இந்த வருஷம் செப்டம்பர் பதினெட்டு வரைக்கும் இருக்கு. எனக்கு அப்படியே தட்டிட்டாரு. அவளுக்குத் தட்டும்போது வருஷத்துல ஒரு எண்ணை மாத்திட்டாரு. இந்த வருஷத்துக்குப் பதிலா போன வருஷம். ஒரே ஒரு எண்ணு, அண்ணாச்சி.

வீட்டுக்கு வந்ததும் என்னோட பதிவை எடுத்துப் பாத்தேன். சரியா இருந்துச்சு. கம்பெனிக்கு அனுப்பிட்டேன். அவளோடதை எடுக்க அவ பாஸ்போர்ட் நம்பர் வேணும். அவ பாஸ்போர்ட் இன்னொரு பையில இருந்துச்சு. அவ ஊறுகாய் பாட்டிலை எல்லாம் எடுத்து வச்சுட்டிருந்தா. "என்னோடது பாத்தீங்களா?"ன்னு கேட்டா. "எனக்குச் சரியா இருக்குல்லா, உனக்கும் அதேதான்"ன்னேன். ஒரே ஆபீசர், ஒரே கவுண்ட்டர். அப்படி நினைக்கிறது தப்பா? கம்பெனியும் என்னோடதைத்தான் கேட்டாங்க.

செப்டம்பர் பதினெட்டு வந்துச்சு, போச்சு. எங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு என்ன செஞ்சோம்னு கூட ஞாபகம் இல்ல. சாம்பார் வச்சுச் சாப்பிட்டிருப்போம்.

டிசம்பர்ல அவ டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனோம். அங்க இருந்த அம்மா கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, முகத்தை நிமித்தி, "உங்க மனைவி இந்த நாட்டுல இருக்கிறதுக்கான தேதி மூணு மாசத்துக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சே"ன்னுச்சு. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னுச்சு. கோமதி என்னையப் பாத்தா. நான் அந்த ஸ்கிரீனைப் பாத்தேன்.

கார்ல வரும்போது கோமதி கேட்டா, "அப்ப நான் இங்க திருட்டுத்தனமா இருக்கேனா?"

"அப்படிச் சொல்லாத. பதிவுல தப்பு. சரி பண்ணிரலாம்."

"எப்படிச் சரி பண்ணுவீங்க?"

"அதுக்கு ஒரு ஆபீஸ் இருக்கு."

இருந்துச்சு. நாங்க இறங்குன ஏர்போர்ட்லயே அதுக்குன்னு ஒரு ஆபீஸ். நாங்க இருக்க ஊருல இருந்து ரெண்டரை மணி நேரம் கார்ல போகணும். நேர்லயும் போகலாம், மெயிலும் போடலாம்னு போட்டிருந்துச்சு. நான் மெயில் போட்டேன். பாஸ்போர்ட், விசா, என் பதிவு, அவ பதிவு, கல்யாண சர்டிபிகேட் எல்லாம் வரிசையா ஸ்கேன் பண்ணி, மேல ஒரு கடிதம் வச்சு அனுப்பினேன். அவ்வளவு சுத்தமா ஒரு மெயில் அவங்களுக்கு வந்திருக்காது. கிடைச்சுதுன்னு தானா ஒரு பதில் வந்துச்சு. மூணு வாரம் வேற ஒண்ணும் வரலை.

கோமதி சொன்னா, "நேர்ல போவோமே."

இப்பக் கேக்குறவங்களுக்கு அது சாதாரணமாத் தெரியும். அன்னைக்கு என் நிலைமையில நினைச்சுப் பாருங்க. தேதி முடிஞ்சு மூணு மாசம் ஆன ஆளை நானே கூட்டிட்டுப் போய், இந்தா இவதான்னு அந்த ஆபீசர் முன்னால நிறுத்தணும். உள்ள ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சுட்டான்னா? அங்கயே பிளேன் ஏத்தி விட்டுட்டான்னா? பேப்பர்ல எத்தனை படிக்கோம். மெயில்னா அத்தாட்சி இருக்கும். இன்ன தேதிக்கு நாங்க சொல்லிட்டோம்னு காமிக்கலாம். நேர்ல போய்ப் பேசினதுக்கு என்ன அத்தாட்சி?

"நம்ம மேல தப்பு இல்லையே, ஏன் பயப்படணும்?"ன்னா.

"பயம் இல்ல. முறையாப் போகணும்"ன்னேன்.

இன்னொண்ணும் உண்டு. தேதி முடிஞ்சு நூத்தி எண்பது நாளுக்கு மேல இருந்துட்டு வெளிய போனவங்க, மூணு வருஷம் உள்ள வர முடியாது. காலண்டர்ல எண்ணிப் பாத்தேன். மார்ச் நடுவுல நூத்தி எண்பது. அதுக்குள்ள பதில் வந்துரும்னு நினைச்சேன்.

ஜனவரி ஆறாம் தேதி அவ அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு. மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டையர்டு ஆனவங்க. அறுபத்தேழு வயசு. கல்யாணத்துல பந்தியில நின்னு பரிமாறினவங்க. பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில சேத்தாங்க. மச்சினன் வீடியோல காமிச்சான். பேச்சு குழறினாலும் ஆளை நல்லாத் தெரிஞ்சுது. கோமதியைப் பாத்ததும், "எப்ப வார?"ன்னு கேட்டாங்க.

"இவங்களுக்கு லீவு கிடைக்கலைப்பா. கிடைச்சதும் வந்துருதோம்"ன்னா.

"மாப்பிள்ளைய வேலையப் பாக்கச் சொல்லு. நீ மட்டும் வா."

அவ சரின்னா. பதிவு தப்பான விஷயத்தை அவ வீட்டுல சொல்லவே இல்ல, அண்ணாச்சி. ஒரு வார்த்தை சொல்லலை. எம்மேல யாரும் குறை சொல்லிரக் கூடாதுன்னு இருக்கலாம். நானும் கேட்டுக்கிடலை.

தினமும் காலையில ஏழரைக்கு அந்த வீடியோ. தினமும் அதே கேள்வி, "எப்ப வார?" நான் பக்கத்து ரூம்ல வேலையில இருப்பேன். கதவைச் சாத்தினாலும் கேக்கும். ஹெட்போன் போட்டுக்குவேன்.

நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. ரெண்டாவது மெயில் போட்டேன், மூணாவது போட்டேன். மேல 'அவசரம்'னு எழுதினேன். கம்பெனி வக்கீலுக்கும் எழுதினேன். அவங்க ஒரு அம்மா, முப்பது வருஷ அனுபவம். ஜனவரி பதினாலு பதில் போட்டாங்க. ஆபீசர் செஞ்ச தப்புங்கிறது காகிதத்துலயே தெளிவா இருக்கு. இந்தக் காகிதங்களை எடுத்துட்டு உங்க மனைவி ஊருக்குப் போகலாம், திரும்பி வரும்போது விசா கிடைக்கும்னுதான் நான் நினைக்கேன், ஆனா உறுதி குடுக்க முடியாது, ரிஸ்க் உண்டு, முடிவு அவங்களோடது. இவ்வளவுதான் மெயில்.

கோமதி கேட்டா, "வக்கீல் என்ன சொன்னாங்க?"

"இப்பப் போக வேண்டாங்காங்க"ன்னேன்.

ரிஸ்க்னா என்ன அர்த்தம், அண்ணாச்சி? வக்கீல் வாயில ரிஸ்க்னு வந்தா வேண்டாம்னுதானே அர்த்தம்? பின்ன வேற எப்படிச் சொல்லுவாங்க? நான் அதைத் தமிழ்ல சொன்னேன், அவ்வளவுதான். அவட்ட அந்த மெயிலைக் குடுத்தா அவ கிளம்பிருவா. அப்பா அப்படிக் கிடக்கும்போது எந்தப் பொம்பளை ரிஸ்க்கைப் பாப்பா? போயிட்டு வர முடியாமப் போச்சுன்னா எத்தனை வருஷமோ. அவ அங்க, நான் இங்க. குடும்பம் என்னாகும்? ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் நான் யோசிச்சேன்.

சிவகிரி வந்துருச்சா? வெயில் என்னமா அடிக்கு. தண்ணி குடிக்கீங்களா?

ஜனவரி இருபத்தொன்பது, வியாழக்கிழமை. சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். நான் மீட்டிங்ல இருந்தேன். கோமதி கதவைத் திறந்துட்டு நின்னா. நான் மீட்டிங் நடக்குன்னு கையைக் காமிச்சேன். அவ போகலை. நான் மைக்கை அணைச்சுட்டு என்னன்னேன்.

"அப்பா போயிட்டாங்க."

அப்புறம் என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்கன்னா எனக்கு வரிசையாச் சொல்லத் தெரியலை. அவ அழலை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அடுப்புல பால் வச்சிருந்தா, போய் அணைச்சா. மச்சினன்ட்ட பேசினா. "எடுத்துருங்க, எனக்காக வைக்க வேண்டாம்"ன்னா. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். "நாளைக்கு நாலாவது மெயில் போடுதேன், சாவு நடந்ததைச் சொன்னா சீக்கிரம் பாப்பாங்க"ன்னேன். அவ என்னைய ஒரு தடவை பாத்தா. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில நான் எந்திரிச்சப்ப அவ இல்ல. ஃபோன் அடிச்சேன், எடுக்கலை. பதினொண்ணேகாலுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. 'ஏர்போர்ட் ஆபீஸ்ல இருக்கேன். சரி பண்ணிட்டாங்க. இருபது நிமிஷம்.'

வாடகைக் கார் பிடிச்சுத் தனியாவே போயிருக்கா. என் ஃபைல்ல இருந்து காகிதங்களை எடுத்துட்டுப் போயிருக்கா. எல்லாம் வரிசையா இருந்ததாலதான் அவளால எடுக்க முடிஞ்சுது, அதைச் சொல்லணும். அங்க ஒரு வயசான ஆபீசராம். என் காகிதத்தையும் அவளோடதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, 'இது எங்க தப்பு'ன்னாராம். தட்டினாராம். எடுத்துக் குடுத்தாராம். ஊருக்கு எதுக்குப் போறீங்கன்னு கேட்டிருக்காரு. சொல்லியிருக்கா. எந்திரிச்சு நின்னு, வருத்தப்படுதேன் அம்மான்னு சொன்னாராம். அங்கதான் அவ அழுதிருக்கா. அந்த ஆபீசர் முன்னால.

நான் உடனே ஃபோன் பண்ணினேன். இந்தத் தடவை எடுத்தா. எனக்கு ஒரே பதட்டம். "புதுசா பிரிண்ட் எடுத்தியா? தேதி சரியா இருக்கா, வருஷத்தைப் பாத்தியா?"ன்னேன்.

"சரியா இருக்கு"ன்னா.

நல்ல ஆபீசர் கிடைச்சாரு. எல்லா நாளும் அப்படி ஆள் இருப்பாங்கன்னு சொல்ல முடியாது. அன்னைக்கு அவளுக்கு நேரம் நல்லா இருந்துச்சு. இதைச் சொன்னா யாரும் ஒத்துக்கிட மாட்டேங்காங்க.

அன்னைக்கு ராத்திரி பிளேன்லயே கிளம்பிட்டா. நான்தான் கொண்டு விட்டேன். ஊருக்கு வந்து சேரும்போது சாம்பலைக் கரைச்சு முடிச்சுட்டாங்களாம். பதினாறாம் நாள் காரியத்துக்கு இருந்தா. ஒரு மாசத்துல வந்துருவான்னு நினைச்சேன். அம்மா தனியா இருக்காங்கன்னா. சரின்னேன். அப்புறம் ஏப்ரல், மே. ஜூன்ல ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சராச் சேந்துட்டதா மச்சினன் சொன்னான். அவ எம்.எஸ்சி. கணக்கு. அங்க அவ விசாவுல வேலை பாக்க முடியாது. ஆறு வருஷம் வீட்டுலதான் இருந்தா. சும்மா ஒரு மாறுதலுக்குப் போறா போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்பப் பத்து நாள் லீவு போட்டு வந்தேன். அவளுக்குப் பழைய விசா முடிஞ்சு போச்சு, புதுசா முத்திரை வாங்கணும். சென்னையில அமெரிக்கத் தூதரகத்துல அதுக்குத் தேதி எடுத்துட்டேன். தேதி கிடைக்கிறதே இப்பக் கஷ்டம். எல்லாக் காகிதத்தையும் பிரிண்ட் எடுத்து இந்தக் கவர்ல போட்டு வந்தேன்.

நேத்து நான் போனப்ப அவ ஸ்கூல்ல இருந்து வரலை. அத்தை மோர் குடுத்தாங்க. "வாங்க மாப்ளே"ன்னுட்டு அடுக்களைக்குப் போயிட்டாங்க. நாலரைக்கு வந்தா, ஒரு கட்டு நோட்டோட. மெலிஞ்சிருந்தா. ஆனா நல்லா இருந்தா. அது எப்படின்னு தெரியலை, நல்லா இருந்தா. "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா. எதிர்ல உக்காந்தா. நான் கவரைப் பிரிச்சு ஒவ்வொண்ணாக் காமிச்சேன். இது உன் பதிவு, இது வக்கீல் கடிதம், இது சென்னைக்குப் போற தேதி.

எல்லாத்தையும் பாத்துட்டுக் கேட்டா, "ஜனவரி பதினாலு வந்த மெயில் இதுல இல்லையே?"

அன்னைக்குக் காகிதம் எடுக்கும்போது அதையும் ஃபைல்ல பாத்திருக்கா. நானே பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு வச்சிருந்தேன். எதையும் தூக்கிப் போடுற பழக்கம் எனக்குக் கிடையாது.

"முடிவு அவங்களோடதுன்னு எழுதியிருக்காங்க. அவங்கன்னா நான்தானே?"ன்னா.

"நீ பயந்துருவன்னு சொல்லலை"ன்னேன்.

"நான் எங்க பயந்தேன்?"

கோவமாக் கேக்கலை, அண்ணாச்சி. நோட்டுல ஒரு கணக்கு தப்பா இருந்தா பிள்ளைட்ட கேப்பாங்கல்லா, எங்க தப்பு விட்டன்னு, அந்த மாதிரி. நான் காகிதங்களைத் திரும்ப வரிசையா அடுக்கினேன்.

"பதினஞ்சு நாள் இருந்துச்சு. அன்னைக்குக் கிளம்பியிருந்தா பதினாறாம் தேதி அப்பாவைப் பாத்திருப்பேன். கண்ணு தெரிஞ்சுது, பேச்சு இருந்துச்சு. பதிமூணு நாள் பக்கத்துல உக்காந்திருப்பேன்"ன்னா.

"திரும்பி வர முடியாமப் போயிருந்தா?"

"இப்ப மட்டும் வந்துட்டேனா?"

அத்தை அடுக்களையில பாத்திரம் கழுவிட்டிருந்தாங்க. குழாய்ச் சத்தம் நின்னு போச்சு.

அப்புறம் அவதான் சொன்னா. "சென்னைத் தேதியை வேற யாருக்காவது விட்டுக்குடுங்க. உங்க விசாவோட என் பேரைச் சேத்து வச்சிருக்கீங்கல்லா, அதை எடுத்துருங்க. அதுக்கு என்ன கையெழுத்துப் போடணுமோ குடுங்க, போட்டுத் தாரேன்."

எனக்கு அந்த நேரத்துல என்ன தோணுச்சுன்னு சொல்லட்டுமா? ஒண்ணும் தோணலை. பிப்ரவரியில இருந்தே அப்படித்தான் இருக்கு. சாப்பாடு இறங்குது, தூக்கம் வருது, வேலை நடக்குது. அவ பேசுறா, நான் கேக்கேன், எதுத்த வீட்டுல யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. ராத்திரி வெளி ரூம்ல பாய் போட்டுக் குடுத்தா. படுத்தேன். நல்லாத் தூங்கிட்டேன். காலையில இட்லி வச்சா, சட்னியை நான் கேக்காமலே ரெண்டாந்தடவை ஊத்தினா. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, "பாத்துப் போங்க"ன்னுட்டு ஸ்கூலுக்குப் போயிட்டா. தெரு முனை வரைக்கும் போறதைப் பாத்துட்டு நின்னேன். பிள்ளைக ரெண்டு பேர் ஓடி வந்து கூடச் சேந்துக்கிட்டுதுக.

லீவு மிச்சம் இருக்கு, டிக்கெட்டை முன்னுக்கு மாத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன். கோர்ட்டு கீர்ட்டுன்னு ஒரு பேச்சும் இல்ல. பேரை எடுக்கச் சொன்னா, அவ்வளவுதான். நீங்க என்ன நினைக்கீங்க, அண்ணாச்சி? துக்கம் இன்னும் ஆறலை. ஒரு வருஷம் போகட்டும். இல்லையா?

என்ன கேட்டீங்க? கையெழுத்தா?

அதுக்குன்னு ஒரு ஃபாரமும் கிடையாது. எனக்குத் தெரியும். கூட இருக்கவங்க வெளிய இருந்துட்டாங்கன்னா, நாம எதுவும் எழுதிக் குடுக்க வேண்டியதில்ல. பதிவுல இருக்க அந்தத் தேதி வரும்போது அதுவாவே முடிஞ்சுரும். யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம்.

அவட்ட அதைச் சொல்லலை. "ஃபாரம் பெரிசு, வக்கீல்ட்டக் கேட்டு வாங்கணும், நாலஞ்சு மாசம் ஆகும்"னு சொல்லிட்டு வந்திருக்கேன்.